ஹெல்சிங்கிக்குப் போய்த் திரும்பும் நேரம்

என் வேலை எளிது.
தோலில் கத்தி பட்டதும் ஒரு நேரம்,
கடைசித் தையல் விழுந்ததும் ஒரு நேரம்.
கழித்தலைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

துர்குவில் அன்று பனி உருகி
அரங்கின் வெளிச்சுவரில் ஒழுகிக்கொண்டிருந்தது.
மேசையில் தைஸ்தோ ரவுத்தகோர்பி, அறுபத்தெட்டு வயது,
தலை தாழ, கால் உயர,
வயிறு காற்றடைத்த பந்தாக.
எட்டு மணி பன்னிரண்டு நிமிடம். எழுதினேன்.

மூலையில், திரைக்குள் முகம் புதைத்து, பிஹ்லா.
பயிற்சியில் நான்காம் ஆண்டு.
செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு
மிதிகளை மிதித்தாள்.
அங்கே அவள் விரல் அசைய
இங்கே இரும்பு விரல்
ஒரு கணம் யோசித்துவிட்டு அசைந்தது.

லெஹ்தோவாரா செய்தால் தொண்ணூற்றைந்து நிமிடம்.
அது எல்லோருக்கும் தெரியும்.
அவருக்கும் தெரியும் என்பதுதான் தொல்லை.

சுரப்பியை ஒட்டி நரம்புகள் ஓடும் இடத்தில்
"எழுந்திரு" என்றார். எழுந்தாள்.
பதினெட்டு நிமிடம் அவர் கை.
பிறகு மறுபடி அவள்.
எந்த நிமிடம் யாருடையது என்று எழுத
என் படிவத்தில் கட்டம் இல்லை.

சிறுநீர்ப்பையின் வாயைக் குழலோடு சேர்க்கும் தையல்.
ஆறாவது இழுப்பில் சதை
ஈரத்தாளாய்க் கிழிந்தது.
பிரித்தாள். மறுபடி முதலிலிருந்து.
லெஹ்தோவாரா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால்
ஒன்றையொன்று பிடிக்கச் சொல்லிவிட்டு நின்றார்.
பதறாத காரியம் சிதறாதாம்.
சரி. பதறாத காரியத்துக்கு
மாடியில் ஒருவர் காத்திருந்தார்.

ரெய்னோ ஹக்கரைனென்.
நள்ளிரவிலிருந்து ஒரு வாய் தண்ணீரில்லை.
இன்று முடியாது என்று சொல்ல
என்னைத்தான் அனுப்பினார்கள்.
"யாரால்?" என்றார்.
"சில சமயம் நீண்டுவிடும்" என்றேன்.
ஆறிப்போன கம்புரொட்டியை
என்னைப் பார்க்காமல் தின்றார்.
சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.
அவருடைய புற்று இன்னும் மூன்று வாரம்
அவரோடு ஒரே வீட்டில் இருந்தது.
அந்த மூன்று வாரத்துக்கும் கட்டமில்லை.

நான் திரும்பியபோது
தையலுக்குள் நீர் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு சொட்டு கசிந்தது.
இன்னொரு முடிச்சு.
மறுபடி நீர்.
எல்லோரும் வறண்ட இடத்தையே வெறித்தோம்.
பன்னிரண்டு பதினேழு.

மயக்கம் தெளிந்த தைஸ்தோ கேட்டார்: எவ்வளவு நேரம்?
நான்கு மணி ஐந்து நிமிடம்.
"ஹெல்சிங்கிக்குப் போய்த் திரும்பும் நேரம்" என்றார்.
முப்பத்தொரு வருடம் அந்தத் தடத்தில் பஸ் ஓட்டியவர்.
"கற்றுக்கொள்ளும் பெண்தானே தைத்தது?
காகிதத்தில் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.
நான் ஓட்டக் கற்றபோது
பக்கத்தில் ஒருவர், பின்னால் நாற்பது பேர்.
அந்த நாற்பது பேரிடம்
யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை."
சிரிக்கப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் கேட்பதும் நானே:
ஒரு நாளைக்கு எத்தனை பேட்?
தைஸ்தோ: ஒன்று. அதுவும் தைரியத்துக்கு.
ஏப்ரலின் ஆக வேகமானவர், எண்பத்தெட்டு நிமிடம்: மூன்று.
மே மாதத்தின் ஆக வேகமானவர்: எதுவுமில்லை,
தோட்டத்தில் வேலையாக இருக்கிறேன், வைத்துவிடட்டுமா?
ஒருவர் எண்ணைச் சொல்லவில்லை,
மனைவியிடம் கொடுத்துவிட்டார்.
நிமிடங்களை ஒரு பக்கம், பேட்களை ஒரு பக்கம் வைத்து
கோடு இழுத்துப் பார்த்தேன்.
புள்ளிகள் வரிசையில் நிற்கவில்லை,
கலைந்த கூட்டம்போல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன.

இலையுதிரில் பிஹ்லாவுக்கு மூன்று மணி பத்து நிமிடம் ஆனது.
உணவறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.
தைஸ்தோவைப் பற்றிக் கேட்பாள் என்று
பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.
"அன்று வீட்டுக்கு அனுப்பினோமே,
அவர் எப்படி இருக்கிறார்?" என்றாள்.

லெஹ்தோவாரா, தொண்ணூற்றேழு நிமிடம், இரண்டு பேட்.
எண்கள் என்னிடம் இருந்தன.
சொன்னேன்.
"இல்லை," என்றாள், "அன்று.
அன்று அவர் எப்படி இருந்தார்?"

மாற்றிப் போட்ட பொத்தானைச் சொன்னேன்.